சகலையின் புருவம்

வயலின் வாத்தியாருக்குத் தன் சகலையின் இடது புருவத்தின் மேல்தான் பொறாமை. மற்றபடி அந்த மனிதரிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று அவர் பலமுறை யோசித்துப் பார்த்து, ஒன்றுமே இல்லை என்ற முடிவுக்கு வந்து, பிறகு சாப்பாடு இறங்காமல் பாதியில் எழுந்திருக்கிறார்.

இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். வயலின் வாத்தியார் மூத்தவளை, சகலை இளையவளை. இருவருக்கும் ஒரே இசைக் கல்லூரியில், ஒரே தந்தி வாத்தியத் துறையில் வேலை. சகலை சொல்லிக்கொடுப்பது செல்லோ. வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும், முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்க வேண்டும். வேலையிலும் சரி, மாமனார் வீட்டிலும் சரி, வயலின் வாத்தியார்தான் மூத்தவர். அது எல்லோருக்கும் தெரியும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார், சகலை வீடியோ போட ஆரம்பிக்கும் வரை.

சகலை வாசித்து வீடியோ போட்டிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. நாலு பேர் பார்த்திருப்பார்கள், அதில் மூன்று பேர் மாமியார் வீட்டு ஆட்களாக இருந்திருப்பார்கள். சகலை விவரமானவர். அவர் வாசிக்கவில்லை, கேட்டார். செல்லோவைப் பின்னால் சுவரில் அழகாகச் சாய்த்து வைத்துவிட்டு, கேமரா முன் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ எங்கோ பாடியதை வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டார். பாட்டு தொடங்கி நாலு வினாடிக்குள் இடது புருவம் மெல்ல ஏறும். கை பொத்தானுக்குப் போகும். பாட்டு நிற்கும். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். இப்ப இங்க என்ன நடந்துச்சு?" என்பார். ஒன்றும் நடந்திருக்காது. பாடகி அப்போதுதான் மூச்சை இழுத்திருப்பாள். சகலை நாற்காலியில் சாய்ந்து, கூரையைப் பார்த்து, அந்த மூச்சைப் பற்றி வெகுநேரம் பேசுவார். 'இசை ஆசிரியர் அதிர்ந்துபோனார்' என்று தலைப்பு. லட்சக்கணக்கான பேர் ஒரு இசை ஆசிரியர் அதிர்ந்துபோவதைப் பார்த்தார்கள். மற்ற இசை ஆசிரியர்கள் தங்கள் மாணவர்கள் வாசிப்பதைக் கேட்டுத் தினமும்தான் அதிர்ந்துபோகிறார்கள். அதை யாரும் படம் எடுப்பதில்லை.

விடுமுறை நாளில் மாமியார் வீட்டில் சாப்பிடப் போனால், மேசையில் தண்ணீர்க் கூஜாவின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்திருப்பார்கள். அதில் சகலை வியந்துகொண்டிருப்பார். எதிர் நாற்காலியில் அதே சகலை அடக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"சின்ன மாப்பிள்ளைக்குக் கண்ணு கலங்கிடுச்சு பாருங்க," என்பாள் மாமியார். "எவ்வளவு ஞானம் இருந்தா இப்படிக் கலங்கும்." பிறகு மூத்த மாப்பிள்ளையும் ஒரு மனிதர்தானே என்று நினைவு வந்து, "நீங்களும் ஏதாவது கேக்கலாமே மாப்பிள்ளை. சும்மாதானே இருக்கீங்க?" என்பாள்.

வயலின் வாத்தியார் நாளெல்லாம் காது தேயக் கேட்பவர். கல்லூரி நூலகத்தில் அவர் கேட்காத ஒலிநாடா கிடையாது. இதை மாமியாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார். அவருக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. சகலைக்கு வாசிக்கத் தெரியாது. இத்தனை வருடத்தில் அவர் சகலை வாசித்துக் கேட்டதே இல்லை. ஆனாலும் அது நிச்சயம். வாசிக்கத் தெரிந்தவன் எதற்கு இப்படிப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறான்? இந்த ஒரு நிச்சயத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மாமியார் வீட்டுச் சாப்பாட்டை முடிப்பது வழக்கம்.

அந்தச் சமயத்தில்தான் தந்தி வாத்தியத் துறையின் தலைவர் ஓய்வு பெற்றார்.

தலைவர் பதவி என்றால் கோடி அறை. வராந்தாவின் கடைசியில், இரண்டு பக்கமும் கெட்டிச் சுவரும் மரங்களைப் பார்த்த ஜன்னலுமாக, கதவைச் சாத்தினால் தன் மூச்சே தனக்குக் கேட்கிற அறை. வயலின் வாத்தியாரின் அறை லிப்டை ஒட்டியது. லிப்டின் மோட்டார் ஒரு ஸ்வரத்தில் முனகும். அது சரியான ஸ்வரமும் இல்லை, அதற்கு ஒரு மயிரிழை கீழே. அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் உலகத்தின் எந்த மூலையில் வாசித்தாலும் ஒரு மயிரிழை கீழேதான் வாசிப்பார்கள் என்று கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு. கோடி அறை கிடைத்தால் எந்தச் சுவர்ப்பக்கம் நாற்காலியைப் போடுவது என்றுகூட அவர் முடிவுசெய்து வைத்திருந்தார். வரிசைப்படி அவருக்குத்தான் வர வேண்டும்.

வரிசை என்பதெல்லாம் கல்லூரியின் பழைய முதல்வர் காலத்துச் சங்கதி. புதிய முதல்வர் இதற்கு முன் ஒரு விமான நிலையத்தில் பயணிகளின் திருப்தியைக் கவனித்துக்கொண்டிருந்தவர். வந்த வேகத்தில் கல்லூரிக்கு விண்ணப்பித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு என்ன படிக்க ஆசை என்று விசாரித்தார். முக்கால்வாசிப் பேர், செல்லோ சார் மாதிரி ஆச்சரியப்படப் படிக்க வேண்டும் என்றார்கள். முதல்வர் அன்று மாலையே அரங்கத்தில் எல்லா ஆசிரியர்களையும் கூட்டிவிட்டார்.

"இசையைக் கத்துக்கொடுக்கிற காலேஜ் ஊருக்கு நாலு இருக்கு," என்றார் மேடையில். "நாம என்ன புதுசா பண்ணினோம்? ஒரு பிள்ளை உள்ள வர்றப்ப எதைக் கேட்டாலும் ஆச்சரியப்படுது. நாம சொல்லிக்கொடுத்து, சொல்லிக்கொடுத்து, வெளிய போறப்ப எதைக் கேட்டாலும் 'இது தெரிஞ்சதுதான்'னு சொல்ற மாதிரி ஆக்கி அனுப்பறோம். தெரிஞ்சவன் எதுக்குங்க ஆச்சரியப்படப் போறான்? இதுவரைக்கும் நாம நடத்தினது படிப்பு இல்ல, சேதாரம். இனிமே பிள்ளைங்களோட அறியாமைய நாம பத்திரமா பாதுகாத்து, அப்படியே பட்டத்தோட திருப்பிக் கொடுக்கப்போறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். வயலின் வாத்தியாரும் தட்டினார். அவர் கை தட்டியது ஒரு மயிரிழை தாமதமாக இருந்ததாகப் பின்னால் சொல்லப்பட்டது.

அப்படித்தான் வியப்பியல் துறை பிறந்தது. சகலை அதற்குப் பாடத்திட்டம் எழுதினார். முதல் பருவத்தில் புருவம் மட்டும். இரண்டாவது பருவத்தில் நெஞ்சில் கை வைப்பது. கடைசிப் பருவத்தில்தான் நாற்காலியிலிருந்து எழுந்து, கேமராவை விட்டு வெளியே நடந்துபோய், கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டியபடி திரும்பி வருவது. அது முதிர்ந்த மாணவர்களுக்கு மட்டும், ஆசிரியர் மேற்பார்வையில். வயலின் வகுப்புகள் பாதியாகின. சுவரில் சாய்த்து வைப்பதற்கு வாத்தியங்கள் தேவைப்பட்டதால் வயலின்களை அந்தத் துறைக்கு அனுப்பச் சொன்னார்கள். தந்தி அறுந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, பளபளப்பு முக்கியம் என்று குறிப்பு வந்தது.

பிறகு காதுகளின் சுத்தம் பற்றிய கவலை தொடங்கியது. முதல் முறை கேட்கிறேன் என்று ஒரு மாணவி வீடியோ போட, அதே பாட்டை அவள் ஒரு கல்யாணத்தில் பாடிய பழைய வீடியோவை யாரோ தேடி எடுத்துப் போட்டுவிட்டார்கள். கல்லூரியின் மானம் கப்பலேறியது. அதிலிருந்து சேர்க்கையின்போது கேளாமைச் சான்றிதழ் கட்டாயமானது. வீட்டில் யாரும் பாட மாட்டோம், பாட்டுப் போட மாட்டோம் என்று பெற்றோர் எழுதித்தர வேண்டும். பாடகர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இடம் மறுக்கப்பட்டது. அவளுடைய அம்மா, அந்த வீட்டுப் பக்கத்து ஜன்னலை நாங்கள் திறந்ததே இல்லை என்று கெஞ்சிப் பார்த்தாள். ஒரு தகப்பன் தன் பையனுக்குப் பிறவியிலேயே காது கொஞ்சம் மந்தம் என்று மருத்துவச் சான்றோடு வந்தான்; உதவித்தொகையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

வராந்தாவில் நடக்கும்போது எல்லோரும் காதுமூடி போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நூலகத்தின் ஒலிப்பிரிவைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். சாதகம் செய்கிறவர்கள் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, கட்டடத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

வயலின் வாத்தியார் கேன்டீனில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது தன்னை மறந்து எதையோ முணுமுணுத்துவிட்டார். பக்கத்து மேசையில் மூன்று இறுதியாண்டு மாணவர்கள் காதுமூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விசாரணை வைத்தார்கள். அவர் எதை முணுமுணுத்தார் என்பதுதான் முக்கியமான கேள்வி. ஆனால் அதை அவர் பாடிக்காட்டக் கூடாது, ஏனென்றால் விசாரணைக் குழுவுக்கும் காதுகள் இருந்தன. பெயரைச் சொன்னாலும் ஆர்வம் கெட்டுவிடும். எனவே அவர் செய்த குற்றம் என்னவென்று யாருக்கும் தெரியாமலே அவரைக் கண்டித்துவிட்டு, மூன்று மாணவர்களுக்கும் ஒரு மாதம் ஓய்வு கொடுத்தார்கள், மறப்பதற்கு.

இந்த நிலையில்தான் காலியாகக் கிடந்த தந்தி வாத்தியத் துறைத் தலைவர் பதவிக்கு நேர்காணல் என்று அறிவிப்பு வந்தது. போட்டியில் இருவர்தான், வயலின் வாத்தியாரும் சகலையும். இருவரும் கேமரா முன் உட்கார்ந்து தாங்கள் கேட்டிராத ஓர் இசைத் துண்டைக் கேட்க வேண்டும். வியப்புக்கு மதிப்பெண்.

கோடி அறைக்காக வயலின் வாத்தியார் இதற்கும் இறங்கினார். குளியலறைக் கண்ணாடி முன் நின்று இடது புருவத்தை மட்டும் தூக்கிப் பழகினார். இரண்டும் சேர்ந்தே ஏறின. ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தூக்கினால் வாய் கோணியது. கதவு திறந்திருந்ததில் மனைவி பார்த்துவிட்டு, "எந்தப் பல்லு?" என்று கேட்டாள்.

"பல்லு இல்ல. ஆச்சரியம்."

"இதா? என் தங்கச்சி வீட்டுக்காரர் பண்றப்ப இப்படி இருக்காதே," என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

நேர்காணல் குழுவுக்கு வேறொரு கஷ்டம். சகலைக்கு எதைப் போட்டாலும் சரி, அவர் நாலு வினாடிக்கு மேல் எதையும் கேட்டதில்லை. வயலின் வாத்தியார்தான் தொல்லை. எதை எடுத்தாலும் கேட்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள், கேட்டிருந்தார். நேற்று வெளியானதைக் கொண்டுவந்தார்கள், இன்று காலை கேட்டிருந்தார். இப்படிப்பட்ட ஆளை எப்படித்தான் இவ்வளவு காலம் இசைக் கல்லூரியில் வைத்திருந்தார்கள் என்று குழுவில் ஒருவர் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

கடைசியில் முதல்வருக்கே யோசனை தோன்றியது. போன மாதம் புது மைக் வாங்கியபோது, சரிபார்ப்பதற்காக ஒவ்வொரு ஆசிரியரையும் ஒலிப்பதிவு அறைக்குக் கூப்பிட்டு எதையாவது வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். மைக் வேலை செய்கிறதா என்று பார்த்ததோடு சரி, அதை யாரும் கேட்கவில்லை. முதல்வர் குழுவிடம் சொன்னார்: "ரெண்டு பேரும் சகலைங்க. ஒரே துறை. இவர் வாசிச்சத அவரும் அவர் வாசிச்சத இவரும் கேட்டிருக்க வாய்ப்பே இல்ல. இதைவிட உத்தரவாதமான கேளாமை எங்க கிடைக்கும்? இவரோடத அவருக்குப் போடுங்க, அவரோடத இவருக்குப் போடுங்க. யாரோடதுன்னு மட்டும் சொல்லாதீங்க." ஒரு இசைக் கல்லூரியின் முதல்வர் இதைப் பெருமையாகவே சொன்னார். குழுவும் பெருமையாகவே ஒப்புக்கொண்டது.

முதலில் சகலை. அவருக்குப் போட்டது வயலின் வாத்தியார் மைக்குக்காக வாசித்தது. மைக்குக்கு எது வாசித்தால் என்ன என்று வயலின் வாத்தியார் அன்று வெறும் ஸ்வர வரிசையை ஏற்றி இறக்கிவிட்டு வந்திருந்தார், முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற அதே வரிசை. மூன்றாவது ஸ்வரத்தில் சகலையின் புருவம் ஏறியது. பொத்தானை அழுத்தினார். நெஞ்சில் கை வைத்தார். எழுந்து கேமராவை விட்டு நடந்துபோனார். குழு காத்திருந்தது. வெகுநேரம் கழித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது ஒரு உறுப்பினரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து வயலின் வாத்தியார். அறையில் ஒரு நாற்காலி, முகத்தைச் சுடுகிற விளக்கு, கையெட்டும் தூரத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சிவப்புப் பொத்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு புருவத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். நாலாவது வினாடி, இடது பக்கம், பிறகு பொத்தான்.

செல்லோ. அடித்தந்தியில் ஒரே ஸ்வரம். வில்லின் சொரசொரப்புகூடக் கேட்டது. அந்த ஸ்வரம் ஒரு படி மேலே போய், எதையோ மறந்துவிட்டு வந்த ஆள் மாதிரி, தயங்கித் திரும்பி வந்தது. சரி, இந்த இடம் முடியட்டும், அப்புறம் நிறுத்தலாம் என்று நினைத்தார். அது முடியவில்லை. வாசிக்கிறவர் ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டு, பாதியில் விட்டு, வேறு எதையோ பேசுகிற மாதிரி பேசிக்கொண்டு போனார். அவசரமே இல்லை. யாரும் கேட்கவில்லை என்று தெரிந்த ஒருவருக்கு மட்டுமே வருகிற நிதானம் அது. கடைசியில், விட்ட பாட்டு மெல்லிய தந்தியில் உச்சத்துக்குப் போய், இதற்கு மேல் வழியில்லை என்கிற இடத்தில் நின்று, எதிர்பாராத ஒரு பக்கமாகத் திரும்பி வீட்டுக்கு வந்தது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். ஒரு செருமல்.

வயலின் வாத்தியாரின் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. விளக்குச் சூட்டில் நெற்றி வியர்த்து மூக்கில் இறங்கியிருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

முதல்வர் பெருமூச்சு விட்டார். "சார், இவ்வளவு நேரமும் உங்க முகத்துல ஒண்ணுமே நடக்கல."

"கேட்டுட்டு இருந்தேன் சார்."

"அதான் பிரச்சினை. கேக்கறத யாரு வேணா பண்ணலாம். நீங்க கேக்கறத ஒருத்தன் எதுக்கு உக்காந்து பாக்கணும்? ஒரு தடவைகூட நிறுத்தலியே நீங்க. அதுல நிறுத்தற மாதிரி ஒரு இடம்கூடவா இல்ல?"

"இல்ல சார்," என்றார் வயலின் வாத்தியார். அவர் அந்தக் கல்லூரியில் யாரைப் பற்றியும் சொன்ன மிகப் பெரிய பாராட்டு அதுதான். குழு அதைக் குறையாகக் குறித்துக்கொண்டது. அவர் எழுந்து, வாசித்தது யார் என்று கேட்டார்.

"யாரு, உங்க சகலைதான்," என்றார் முதல்வர். "ஏன், அவ்வளவு மோசமா?"

அன்று அவருக்கு வீட்டுக்குப் போகும் வழி தப்பியது. பதவி போனது பெரிதில்லை. பதவி போகும் என்று அவருக்குக் குளியலறையிலேயே தெரியும். அவர் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரே நிச்சயம் போய்விட்டது. ஒன்றும் தெரியாதவன் மேல் படுகிற பொறாமை ஒரு சௌகரியமான பொறாமை, சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். இதில் சாய எதுவும் இல்லை. மைக் முன்னால் தான் என்ன வாசித்தோம் என்பது வேறு நடுநடுவே ஞாபகம் வந்தது.

சகலை கோடி அறைக்குக் குடிவந்த நாளில், மூத்தவர் என்ற முறைக்கு வயலின் வாத்தியார் வாழ்த்துச் சொல்லப் போனார். வியப்பியல் மாணவர்கள் வாசலில் நின்று தங்கள் ஆசிரியர் நாற்காலியில் உட்காருவதைக் கண்டு வியந்துகொண்டிருந்தார்கள். சகலை அவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். உடனே அந்த அமைதி வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மரம் அசைந்தது தெரிந்தது, சத்தம் உள்ளே வரவில்லை.

"சகல, ஒண்ணு கேக்கணும்," என்றார் சகலை. மேசையில் இருந்த பேனாவை இங்கிருந்து அங்கே வைத்தார். "நான் வாசிச்சத நீங்க கடைசி வரைக்கும் கேட்டீங்களாமே. கமிட்டில சொல்லிச் சிரிச்சாங்க."

வயலின் வாத்தியார் எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசில, மேல போய்த் திரும்புற இடம் ஒண்ணு வரும். அத ரொம்ப நாளா போட்டு உருட்டிட்டு இருக்கேன். அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. வீட்டுல அவகூட, அதுக்குள்ள வீடியோ எப்பன்னு கேட்டுடுவா." சகலை நிமிர்ந்து பார்த்தார். புருவங்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. "அந்த இடம் எப்படி இருந்துச்சு சகல?"

பதில் வயலின் வாத்தியாரின் தொண்டை வரை வந்துவிட்டது. ஒரே ஒரு சொல்தான். அதைச் சொல்லக் கோடி அறையைவிடத் தோதான இடம் அந்தக் கட்டடத்தில் கிடையாது. அவர் ஜன்னலைப் பார்த்தார். தான் நாற்காலி போட நினைத்திருந்த சுவர்ப்பக்கத்தில் சகலையின் செல்லோ சாய்ந்திருப்பதைப் பார்த்தார்.

"எந்தப் பட்டன அமுக்கினா நிக்கும்னு தெரியல சகல," என்றார். "அதான் அது பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு."

சகலையின் முகத்தில் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எந்தப் பருவத்துப் பாடத்திலும் இல்லாத முகம் அது.

"செவப்பு பட்டன் சகல," என்றார் பிறகு. "கைகிட்டயே இருந்திருக்குமே."

"அடுத்த தடவ பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு வயலின் வாத்தியார் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் காதுமூடி போட மறக்கவில்லை.

இப்போதும் அவர் லிப்டை ஒட்டிய அறையில்தான் இருக்கிறார். தினமும் வகுப்பு முடிந்து கட்டடத்தில் ஆள் குறைந்ததும் கதவைத் தாழிட்டுவிட்டு அந்த இடத்தை வயலினில் வாசித்துப் பார்க்கிறார். உச்சம் வரை போய்விடுகிறார். திரும்பத்தான் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் லிப்ட் முனகிக்கொண்டே மேலே போகிறது, பிறகு ஒரு சிரமமும் இல்லாமல் திரும்பிக் கீழே வருகிறது.